மூன்று பௌர்ணமிகளில் ஒரு பருவம்: சிங்கப்பூரில் பின்பனிக்காலத்தைக் கவனிக்க ஒரு வழிகாட்டி

சிங்கப்பூரில் பருவங்களே கிடையாது, ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் மாறி மாறி வருவதுதான் இங்குள்ள வானிலை என்று இந்நாட்டில் பிறந்து வளர்ந்தவர்களே சொல்கிறார்கள். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 1.3 பாகையில் கிடக்கும் தீவில் பனி விழுவதில்லை என்பது உண்மையே. ஆயினும் ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் முடிய, வடகிழக்குப் பருவக்காற்றின் மழை மிகுந்த முற்பாதி ஓய்ந்து அதன் வறண்ட பிற்பாதி வீசத் தொடங்கும்போது, இத்தீவின் மரங்களும் பறவைகளும் கடலோரச் சேறும் பண்ணைப் பாத்திகளும் ஒருசேர மாறுகின்றன. தமிழ் நாள்காட்டியில் இது தை முடிந்து மாசியும் பங்குனியும் நடக்கும் காலம். நம் முன்னோர் பின்பனி என்று வகுத்த பருவம். அதைச் சிங்கப்பூரில் இருந்தபடியே, பெரிய செலவின்றி, வார இறுதிகளில் மட்டும் நேரம் கிடைக்கும் ஒருவர் எவ்வாறு முறையாகக் கவனிக்கலாம் என்பதை இங்கே விளக்குகிறேன்.

நான் பரிந்துரைக்கும் முறை எளியது. தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்திரம் ஆகிய மூன்றும் பௌர்ணமியை ஒட்டி வருபவை. தைப்பூசம் இப்பருவத்தின் தொடக்கத்திலும், மாசி மகம் நடுவிலும், பங்குனி உத்திரம் முடிவிலும் அமைகின்றன. ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, இந்த மூன்று பௌர்ணமிகளையும் அடுத்து வரும் வார இறுதிகளில் அதே இடத்துக்கு, அதே நேரத்தில், அதே பாதையில் சென்று பாருங்கள். புதிய இடங்களைத் தேடி அலைவதைக் காட்டிலும் ஒரே இடத்தை மூன்று முறை பார்ப்பதே பருவத்தைக் காட்டும். ஒருமுறை மட்டும் பார்த்தவருக்குக் குளத்தில் நிற்கும் உள்ளான் வெறும் உள்ளான்தான். மூன்று முறை பார்த்தவருக்கு அது பயணத்துக்கு ஆயத்தமாகிக்கொண்டிருக்கும் பறவை.

புறப்படுவதற்கு முன்

பௌர்ணமியைச் சொல்வதற்கு வழிபாடு மட்டுமே காரணமில்லை. கடலின் ஏற்றவற்றம் நிலவைப் பின்பற்றுகிறது. பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் ஓரிரு நாள் கழித்து ஏற்றம் மிக உயர்ந்தும் வற்றம் மிகத் தாழ்ந்தும் இருக்கும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு குறைந்துவிடும். ஆகவே கூடத்துச் சுவரில் தொங்கும் தமிழ்த் தினசரி நாள்காட்டியில் திதியைப் பார்த்தாலே எந்த வாரம் கடலோரத்துக்குச் செல்ல வேண்டும் என்பது தெரிந்துவிடும். சரியான மணிக்கணக்கை அறிய அதிகாரபூர்வமான ஏற்றவற்ற அட்டவணையைப் பார்க்க வேண்டும். ஜொகூர் நீரிணையில் நேரம் நகரின் தென்கரையிலிருந்து சற்றே வேறுபடும் என்பதால், நீங்கள் போகும் இடத்துக்கு அருகிலுள்ள நிலையத்தின் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் பெரும்பாலும் நண்பகலை நெருங்கும் வேளையில் ஏற்றம் உச்சத்தைத் தொடும். இந்த மாதங்களில் மிகத் தாழ்ந்த வற்றம் மாலையிலும் இரவிலும் விழுகிறது.

அடுத்தது கதிரவன். சிங்கப்பூரில் ஆண்டிலேயே மிகத் தாமதமாகப் பொழுது விடிவது பிப்ரவரி நடுவில்தான். அப்போது காலை ஏறத்தாழ 7.15 மணிக்குத்தான் கதிரவன் எழுகிறான். பகலின் நீளம் இங்கே ஆண்டு முழுவதும் பத்து நிமிடங்களுக்குள்தான் மாறுகிறது என்றாலும், கதிரவன் உச்சிக்கு வரும் நேரம் நம் கடிகாரத்துக்கு முன்னும் பின்னும் நகர்வதால் இந்தத் தாமதம் ஏற்படுகிறது. காலை 6 மணிக்கே சென்றுவிட்டால் ஒரு மணி நேரம் இருட்டில் நிற்க வேண்டியிருக்கும், 6.45 அளவில் இடத்தை அடைந்தால் பறவைகள் ஒலியெழுப்பத் தொடங்கும் நேரத்துக்குச் சரியாக இருக்கும்.

காற்றையும் கவனியுங்கள். வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் இந்த வாடைதான் பருவத்தின் உந்துவிசை. பிப்ரவரியில் காற்று சற்றே வலுவாகவும், ஈரப்பதம் குறைந்தும், வானம் தெளிந்தும் இருக்கும். கொடியில் உலர்த்திய துணி விரைவில் காய்வதை வீட்டிலுள்ளவர்கள் நம்மைவிட முன்னதாகவே உணர்ந்துவிடுவார்கள். சராசரிக் கணக்கில் சிங்கப்பூரில் மழை மிகக் குறைந்த மாதம் பிப்ரவரியே. 2014-ஆம் ஆண்டில் ஜனவரி 13 முதல் பிப்ரவரி 8 வரை 27 நாட்கள் தொடர்ந்து வறட்சி நிலவியது. அதற்குப் பின் மழை திரும்பியபோது தீவெங்கும் மரங்கள் வழக்கத்துக்கு மாறாகப் பூத்துக் குலுங்கின. எனவே கடைசியாக எப்போது நல்ல மழை பெய்தது என்பதைக் குறித்து வைத்துக்கொள்வது, இப்பருவத்தைக் கவனிப்பவர் செய்ய வேண்டிய முதல் வேலை.

கருவிகளைப் பொறுத்தவரை, எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஒரு தொலைநோக்கி, கையடக்கக் குறிப்பேடு, பென்சில், ஒன்றரை லிட்டர் தண்ணீர், தொப்பி, கொசுவிரட்டி ஆகியவை போதும். கேமரா கட்டாயமில்லை. தொடக்கத்தில் அது இல்லாமலிருப்பதே நல்லது என்பது என் எண்ணம், ஏனெனில் படம் எடுக்கும் அவசரத்தில் பறவை என்ன செய்துகொண்டிருந்தது என்பதைக் கவனிக்கத் தவறிவிடுகிறோம்.

வீட்டின் கீழேயே தொடங்குங்கள்

எங்கும் போவதற்கு முன், ஒரு வாரம் உங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கைச் சுற்றியுள்ள மரங்களையே பாருங்கள். வாதுமை மரம் என்றும் மலாயில் கெத்தாப்பாங் என்றும் அழைக்கப்படும் மரம் பல இடங்களில் இருக்கும். கிளைகள் தட்டுத்தட்டாகப் பக்கவாட்டில் விரிந்திருப்பதால் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். இதன் பெரிய இலைகள் உதிர்வதற்கு முன் நல்ல சிவப்பாக மாறும். மரத்தின் எந்தப் பக்கம் முதலில் சிவக்கிறது, எத்தனை நாட்களில் மொட்டையாகிறது, துளிர் எப்போது வருகிறது என்பதைக் குறித்து வந்தால், அடுத்த தெருவிலுள்ள அதே வகை மரம் வேறொரு கணக்கில் நடப்பதைக் கண்டு வியப்பீர்கள்.

சாலையோரங்களில் நிழல் தரும் தூங்குமூஞ்சி மரங்களின் கிளைகளை அண்ணாந்து பாருங்கள். அவற்றின்மேல் ஒட்டி வளரும் பெரணிகளுக்கிடையே, மெல்லிய தண்டுகளையுடைய புறா ஆர்க்கிட் செடி இருக்கக்கூடும். நீண்ட வெயிலுக்குப் பின் திடீரெனப் பெய்யும் பெருமழை காற்றைக் குளிரச் செய்ததும் அதன் மொட்டுகள் விழித்துக்கொள்கின்றன. சரியாக ஒன்பது நாட்கள் கழித்து, அவ்வட்டாரத்திலுள்ள செடிகள் அனைத்தும் ஒரே காலையில் வெண்ணிற மலர்களைத் திறக்கின்றன. மணம் கீழே நடந்து செல்பவருக்கும் எட்டும். மறுநாள் பூக்கள் வாடிவிடும். பெருமழை பெய்த நாளிலிருந்து ஒன்பது நாட்களை எண்ணி நாள்காட்டியில் வட்டமிட்டு, அன்று காலை அந்த மரத்தடிக்குச் செல்வதைவிடப் பிள்ளைகளுக்கு ஏற்ற இயற்கைப் பாடம் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கணக்கு பலிக்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அங்சானா மரங்களும் இதைப் போன்றே வறட்சிக்குப் பின் வரும் மழைக்குப் பூப்பவை. மஞ்சள் பூக்கள் ஒரு நாள் மட்டும் விரிந்திருந்து, மறுநாள் நடைபாதையை மூடிக் கிடக்கும். துப்புரவாளர்கள் காலையிலேயே பெருக்கிவிடுவதால், சீக்கிரம் செல்பவருக்கே அந்தக் காட்சி. மார்ச் மாதத்தில் இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகப் பூக்கும் டிரம்பெட் மரங்களை யாரும் தேடிப்போக வேண்டியதில்லை. அவை கண்ணில் படாமல் இருக்காது.

பறவைகளில் முதலில் குயிலைக் கேளுங்கள். பொழுது புலர்வதற்கு முன்பே படிப்படியாக உயரும் குரலில் அது கூவுவதைப் பலர் தூக்கம் கெடுகிறது என்று குறைகூறுகிறார்கள். ஆனால் அது காகத்தின் கூட்டில் முட்டையிடும் பறவை என்பதை நினைவில் கொண்டால், குயில் எங்கே கூவுகிறதோ அதன் அருகே காகத்தின் கூட்டைத் தேடலாம் என்பது புலப்படும். மாலையில் விளையாட்டுத் திடலின் மேலே தாழ்வாகப் பறந்து பூச்சி பிடிக்கும் தகைவிலான்களைப் பாருங்கள். அவற்றில் ஒரு பகுதி வட ஆசியாவிலிருந்து குளிருக்குத் தப்பி வந்தவை. திறந்த புல்வெளியின் ஓரத்தில் தனியாக ஒரு கம்பத்தின்மேல் அமர்ந்து, கண்ணின் குறுக்கே கறுப்புப் பட்டையுடன், கீழே தரையை நோக்கியபடி இருக்கும் பறவை பழுப்புக் கீச்சானாக இருக்கக்கூடும். இதுவும் விருந்தாளியே, ஒவ்வோர் ஆண்டும் தனக்கென ஒரு நிலத்துண்டைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விரட்டும்.

பஞ்சுருட்டான்களிடம் இப்பருவத்தின் மிகத் தெளிவான குறிப்பு உள்ளது. செப்டம்பர் முதல் இங்கே தங்கியிருக்கும் நீலவால் பஞ்சுருட்டானின் உச்சந்தலை பச்சை, தொண்டை செம்பழுப்பு. அது வடக்கே திரும்பும் சமயத்தில், இங்கே கூடுகட்டுவதற்காகத் தெற்கிலிருந்து நீலத்தொண்டைப் பஞ்சுருட்டான் வந்து சேர்கிறது. அதன் உச்சந்தலையும் பிடரியும் அடர்ந்த பழுப்பு, தொண்டை நீலம். மார்ச் மாதத்தில் சில வாரங்கள் இரண்டையும் ஒரே மின்கம்பியில் காண வாய்ப்புண்டு. எனவே இப்பறவையைக் கண்டால் வாலைப் பார்த்து ஏமாறாமல் தலையைப் பாருங்கள்.

சுங்கை பூலோ: ஏற்றத்தின்போது செல்லுங்கள்

மூன்று பௌர்ணமிகளுக்கும் ஒரே ஓர் இடத்தைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், அது சுங்கை பூலோவாக இருக்கட்டும். முன்பு இறால் வளர்க்கப்பட்ட குளங்கள் இருந்த இடம் அது. பறவை ஆர்வலர்களின் முயற்சியால் 1993-இல் பூங்காவாகத் திறக்கப்பட்டு, 2002-இல் சட்டப்படி இயற்கை வனப்பகுதியாக அறிவிக்கப்பட்டது. சைபீரியாவிலிருந்தும் அலாஸ்காவிலிருந்தும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வரை செல்லும் பறவைகளின் வான்வழியில் அது ஒரு தங்குமிடம். கிராஞ்சி எம்ஆர்டி நிலையத்திலிருந்து 925 எண் பேருந்து அப்பக்கம் செல்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. காலை 7 மணிக்குத் திறந்து மாலை 7 மணிக்கு மூடுகிறார்கள்.

பலர் இங்கே வற்றத்தின்போது வந்துவிட்டு, குளங்களில் பறவைகளே இல்லை என்று வருந்தித் திரும்புகிறார்கள். வற்றத்தின்போது பறவைகள் ஜொகூர் நீரிணையின் விரிந்த சேற்றுவெளியில் புழுவும் நண்டும் தேடிச் சிதறிவிடும். கடல் ஏறி அந்தச் சேற்றை மூடும்போதுதான் அவை இளைப்பாற இடம் தேடி, மதகுகளால் நீர்மட்டம் கட்டுப்படுத்தப்படும் இந்தக் குளங்களுக்குக் கூட்டமாக வருகின்றன. ஆகவே ஏற்றம் உச்சத்தை அடைவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்பே குளத்தை நோக்கிய மறைவிடம் ஒன்றில் அமர்ந்துகொள்ளுங்கள். முதலில் ஒன்றிரண்டு, பிறகு பத்துப் பத்தாக, பிறகு வரிசை வரிசையாக அவை இறங்குவதைக் காணலாம். சேற்றில் தாவும் மீன்களையும், ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக உள்ள ஆண் நண்டுகள் அதை அசைத்துப் பெட்டையை அழைப்பதையும் பார்க்க விரும்பினால் மட்டும் வற்றத்தின்போது அலையாத்தி மரப்பாலத்துக்குச் செல்லுங்கள்.

எதைக் கவனிப்பது? சிவந்த கால்களையுடைய பவளக்காலி உள்ளான், பச்சைக்காலி உள்ளான், கீழ்நோக்கி வளைந்த நீண்ட அலகுடைய கோட்டான் (ஆந்தையன்று, உள்ளான்களைப் போன்ற கரைப்பறவை), தடித்த குட்டை அலகுடைய பொன் உப்புக்கொத்தி ஆகிய நான்கை மட்டும் முதல் ஆண்டில் கற்றுக்கொண்டால் போதும். கால், அலகு, உடலின் அளவு என்ற வரிசையில் பாருங்கள். நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள், ஏனெனில் இப்பருவத்தில் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். தைப்பூசத்தை ஒட்டிப் பார்க்கும்போது பொன் உப்புக்கொத்தி மங்கலான மஞ்சள்கலந்த பழுப்பாக, அடிப்பகுதி வெளிறி இருக்கும். மாசி மகத்தின்போது அதன் மார்பிலும் வயிற்றிலும் ஆங்காங்கே கறுப்புத் திட்டுகள் தோன்றியிருக்கும். பங்குனியில் முகத்திலிருந்து வயிறு வரை கறுப்பும், அதன் விளிம்பில் வெள்ளைக் கோடும், முதுகில் பொன்துகள்களுமாக வேறொரு பறவைபோல நிற்கும். சைபீரியாவிலும் அலாஸ்காவின் மேற்கிலும் உள்ள மரமற்ற வெளிகளில் இணைசேர்வதற்கான கோலம் அது. இந்த மாற்றத்தை ஒரே குளத்தின் கரையில் மூன்று முறை அமர்ந்து பார்ப்பதே, என் கருத்தில், இத்தீவில் பின்பனிக்காலம் தரும் மிகச் சிறந்த காட்சி.

நிறத்தோடு உடலும் மாறுகிறது. நெடும்பயணத்துக்கு வேண்டிய கொழுப்பைச் சேர்ப்பதற்காக அவை முன்னைவிட அதிகமாகத் தின்னும்; பங்குனியில் வயிறு பருத்துத் தெரியும். ஆகையால் இளைப்பாறும் பறவைகளைப் பறக்கச் செய்யும் எதையும் செய்யாதிருப்பது இம்மாதங்களில் பெருங்கடமை. மறைவிடத்தின் சாளரத்துக்கு வெளியே கையை நீட்டிச் சுட்டிக்காட்டுவது, பிள்ளைகளை உரக்கப் பேசவிடுவது, தொலைபேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைப்பது ஆகியவை அவை சேர்த்த கொழுப்பை வீணாக எரிக்கச் செய்கின்றன.

மற்ற உயிர்களும் உண்டு. நீர்நாய்க் குடும்பங்கள், இரண்டு மீட்டர் நீளமுள்ள நீர் உடும்புகள், சாம்பல் நாரைகள், மீன்கொத்திகள் ஆகியவற்றை எந்தப் பருவத்திலும் பார்க்கலாம். உவர்நீர் முதலைகளும் அங்கே வாழ்கின்றன. அறிவிப்புப் பலகைகளில் எழுதியிருப்பதைப் பின்பற்றி, பாதையை விட்டு இறங்காமல், கரையில் குனிந்து நிற்காமல் இருங்கள். எந்த விலங்குக்கும் உணவு கொடுக்க வேண்டாம். காட்டு விலங்குகளுக்கு உணவளிப்பது சட்டப்படி குற்றம். முதன்முறை பிடிபடுபவருக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம்.

நேரமிருந்தால் அங்கிருந்து சற்றுத் தொலைவிலுள்ள கிராஞ்சி சதுப்புநிலத்தின் கோபுரத்திலும் ஏறிப் பாருங்கள். 2016-இல் திறக்கப்பட்ட அந்த நன்னீர்ச் சதுப்பில் நீலத் தாழைக்கோழியும், கிராமத்து வயல்வெளிகளில் நம் பாட்டிமார் கேட்டுப் பழகிய ஆள்காட்டிக் குருவியும், தூக்கணாங்குருவியும் உள்ளன. அதன் உட்பகுதிக்கு வழிகாட்டியுடன் மட்டுமே செல்ல முடியும்.

கிராஞ்சியும் லிம் சூ காங்கும்: உழைப்பின் பருவம்

சிங்கப்பூரின் நிலப்பரப்பில் வேளாண்மைக்கு ஒதுக்கப்பட்டிருப்பது மிகச் சிறிய பங்கே. அதில் பெரும்பகுதி வடமேற்கில், கிராஞ்சி, லிம் சூ காங் சாலைகளின் இருமருங்கிலும் உள்ளது. கீரைப் பண்ணைகள், முட்டைப் பண்ணைகள், மீன் பண்ணைகள், ஆட்டுப் பண்ணை ஆகியவற்றுக்கிடையே உள்ள குறுகிய சாலைகளில் நடந்தால், பேருந்தின் ஒலி அடங்கியதும் சேவல் கூவுவதும் நீர் தெளிப்பானின் ஓசையும் கேட்கும். பொங்கலன்று லிட்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்படும் மாடுகளை மட்டுமே பார்த்துப் பழகிய பிள்ளைகளை இங்கே ஒருமுறை அழைத்து வருவது நல்லது.

பண்ணைகள் வேலைத்தலங்கள். அனைத்தும் பார்வையாளரை அனுமதிப்பதில்லை. அனுமதிப்பவையும் நாளையும் நேரத்தையும் மாற்றிக்கொள்வதால் முன்னதாகத் தொலைபேசியில் கேட்டுவிட்டுச் செல்லுங்கள். உள்ளே போக முடியாவிட்டாலும் வேலிக்கு வெளியே நின்று கவனிக்கலாம். கீரைப் பாத்திகள் பல வளர்நிலைகளில் இருக்கும்: ஒன்றில் விதை ஊன்றிய ஈரமண், அடுத்ததில் இரண்டிலைப் பருவம், அதற்கடுத்ததில் அறுவடை. சாய் சிம் போன்ற கீரைகள் விதைத்த ஒன்றரை மாதத்துக்குள் அறுவடைக்கு வந்துவிடுவதால், மூன்று பௌர்ணமிகளுக்குள் ஒரே பாத்தியில் இரண்டு பயிர்களைப் பார்த்துவிடலாம். சீனப் புத்தாண்டுக்கு முந்தைய வாரத்தில் அறுவடை விறுவிறுப்பாக நடக்கும். அது முடிந்த வாரத்தில் பாத்திகள் பல வெறுமையாகக் கிடந்து மீண்டும் உழப்படும். வறண்ட வாரங்களில் நீர் எத்தனை முறை பாய்ச்சப்படுகிறது, வலைக்கூடாரத்தின் பக்கங்கள் எப்போது திறந்து விடப்படுகின்றன என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பண்ணைகளில் தமிழகத்திலிருந்து வந்து பணிபுரியும் தொழிலாளரைச் சந்திக்க நேரலாம். ஓய்வு நேரம் பார்த்து, “வணக்கம் அண்ணே, இந்த மாசத்துல ஊர்ல என்ன வெள்ளாமை நடக்கும்?” என்று கேட்டுப் பாருங்கள். தஞ்சையிலோ புதுக்கோட்டையிலோ தை அறுவடைக்குப் பின் வயலில் உளுந்தும் பயறும் நிற்பதைப் பற்றியும், வைக்கோல் போர் போடுவதைப் பற்றியும், மாசியில் கிணற்று நீர் இறங்குவதைப் பற்றியும் அவர்கள் சொல்லக்கூடும். இங்குள்ள பாத்தியையும் அங்குள்ள வயலையும் ஒருசேரத் தெரிந்தவர்கள் அவர்கள்; அவர்கள் சொல்வதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும் முன் அனுமதி கேட்பது பண்பு. வேலை நேரத்தில் நிறுத்திப் பேசுவதும், கேட்காமல் படமெடுப்பதும் கூடாது.

இரண்டு எச்சரிக்கைகள். லிம் சூ காங் வட்டாரத்தில் ராணுவப் பயிற்சிக்கு ஒதுக்கப்பட்ட நிலங்கள் உள்ளன. சிவப்பு நிற அறிவிப்புப் பலகையைத் தாண்டி எந்தப் பறவைக்காகவும் செல்ல வேண்டாம். மேலும் ஏப்ரல் 4 அல்லது 5-இல் வரும் சிங் மிங் நாளுக்கு முன்னும் பின்னும் சில வார இறுதிகளில், சுவா சூ காங் இடுகாட்டுக்குச் செல்லும் சீனக் குடும்பங்களால் அப்பகுதிச் சாலைகள் நெரிசலாகிவிடும். அந்நாட்களில் விடியற்காலையிலேயே வந்து திரும்பிவிடுங்கள்.

பண்ணை வட்டாரம் தொலைவு என்று நினைப்பவர் தம் பேட்டையிலுள்ள சமூகத் தோட்டத்துக்குச் செல்லலாம். 2005-இல் தேசியப் பூங்காக் கழகம் தொடங்கிய திட்டத்தின்கீழ் உருவான இத்தோட்டங்களில் கறிவேப்பிலை, முருங்கை, வெண்டை, பாகல் ஆகியவற்றை நம் மூத்தோர் பலர் பேணி வருகிறார்கள். முருங்கை எப்போது பூத்தது, மாவில் பூ நின்றதா உதிர்ந்ததா என்ற கேள்விகளுக்கு அவர்களிடம் பல ஆண்டு நினைவு இருக்கிறது. புவாங்கோக் பேட்டையில் தலைநிலத்தின் கடைசிக் கம்பமும் (கிராமக் குடியிருப்பும்) உள்ளது. அது மக்கள் குடியிருக்கும் தனியார் நிலம் என்பதால் சாலையிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

புலாவ் உபின்: பால்மரங்கள் இலையுதிர்க்கும் தீவு

சாங்கி படகுத்துறையில் பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் படகு புறப்படும். பத்து நிமிடப் பயணம். உபினில் கவனிக்க வேண்டியது பால்மரங்கள், அதாவது ரப்பர் மரங்கள். 1877-இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு வந்து சேர்ந்த ரப்பர்க் கன்றுகளிலிருந்து தொடங்கிய தொழில், நம்முடைய பாட்டன் பூட்டன்மாரில் பலரை மலாயாவின் தோட்டங்களுக்குக் கொண்டுவந்தது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பால்மர இலைகள் மஞ்சளும் செம்மையுமாக மாறி உதிர்ந்து, மரம் சில நாட்கள் வெறுங்கிளையாக நிற்கும். பிறகு செம்புநிறத் துளிர்களும், அவற்றோடு சிறிய வெளிர்மஞ்சள் பூக்களும் வரும். இலையுதிர் நாட்களில் பால் குறைந்துவிடும் என்பதைத் தோட்டத்தில் மரம் சீவியவர்கள் நன்கறிவார்கள். வீட்டில் அப்படிப்பட்ட பெரியவர் யாரேனும் இருந்தால், இந்தப் பயணத்துக்கு அவரை அழைத்துச் செல்லுங்கள். பால்மரக் காட்டைப் பற்றிப் புத்தகத்தில் கிடைக்காத விவரங்கள் அவரிடம் கிடைக்கும்.

உபினின் டுரியான் மரங்களும் வறட்சிக்குப் பின்னர்ப் பூக்கின்றன. பூ மாலையில் விரிந்து, இரவில் வௌவால்களால் மகரந்தச் சேர்க்கை பெற்று, விடிவதற்குள் இதழ்களை உதிர்த்துவிடும். ஆகவே காலையில் முதற்படகில் செல்பவர் மரத்தடியில் பரவிக் கிடக்கும் இதழ்களைக் கொண்டே பூத்ததை அறியலாம். ஆண்டின் நடுவில் கிடைக்கும் பழத்தின் தொடக்கம் இதுவே. பாதையோரத்தில் மேயும் கோழிகளையும் உற்றுப் பாருங்கள்: சாம்பல் நிறக் கால்களும் காதருகே வெள்ளைத் திட்டும் இருந்தால் அது காட்டுக்கோழி. இருவாய்ச்சிப் பறவைகளும் இங்குண்டு. பெட்டை மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு அடைகாக்க, ஆண் ஒரு சிறு பிளவின் வழியே இரை ஊட்டும். ஒரே மரத்துக்கு ஆண் பறவை திரும்பத் திரும்பப் பழத்துடன் வருவதைக் கண்டால் தொலைவிலேயே நின்றுவிடுங்கள்.

தீவில் வாழ்பவர்கள் இப்போது மிகச் சிலரே, அவர்களிலும் பெரும்பாலோர் முதியவர்கள். கடை வாசலில் அமர்ந்திருக்கும் மலாய்ப் பெரியவரைப் பாக்சிக் என்றும் அம்மையாரை மாக்சிக் என்றும் விளித்து, ஓர் இளநீர் வாங்கிக் குடித்துவிட்டுப் பேச்சைத் தொடங்கினால், காற்று எப்போது திரும்பும் என்பதை அவர்களே சொல்வார்கள். தீவின் கிழக்கு முனையிலுள்ள செக் ஜாவா என்னும் கடலோரச் சதுப்பில் பகல் வற்றம் போதுமான அளவு தாழாத நாளில், சேற்றுவெளியை எதிர்பார்க்காமல் மரப்பாலத்தையும் 20 மீட்டர் உயரமுள்ள ஜெஜாவி கோபுரத்தையும் மட்டும் திட்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வானமும் நிழலும்

பிப்ரவரியின் தெளிந்த இரவுகளில் லிம் சூ காங் போன்ற வெளிச்சம் குறைந்த இடத்தில் நின்றால், 9 மணி அளவில் திருவாதிரை விண்மீன் ஏறக்குறைய தலைக்கு மேலேயும், கார்த்திகைக் கூட்டம் மேற்கிலும், அகத்தியர் விண்மீன் தெற்கிலும் தெரியும். இதற்குப் பௌர்ணமியைத் தவிர்த்து அமாவாசை வாரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

மார்ச் 23 அல்லது 24-இல் செய்ய வேண்டிய ஒரு சிறு சோதனை உண்டு. சமதரையில் ஒரு குச்சியை நேராக நட்டு, பகல் 1.10 மணி அளவில் பாருங்கள். கதிரவன் சரியாகத் தலைக்கு மேலே வருவதால் நிழல் குச்சியின் அடியிலேயே மறைந்துவிடும். ஒரு வாரத்துக்கு முன்பும் பின்பும் அதே நேரத்தில் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்பதைச் சுண்ணக்கட்டியால் குறித்தால், கதிரவன் தெற்கிலிருந்து வடக்கே கடந்து செல்வதைத் தரையிலேயே படிக்கலாம்.

குறிப்பேட்டில் எழுதுவது

ஒவ்வொரு முறையும் ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, திதி, இடம், தொடங்கிய நேரம், முடித்த நேரம், காற்றின் திசை, ஏற்ற நேரம், கடைசி மழை நாள் ஆகியவற்றை முதலில் எழுதுங்கள். பிறகு கண்டவற்றை எண்ணிக்கையுடன் எழுதுங்கள். “நிறைய உள்ளான்கள்” என்று எழுதுவதால் பயனில்லை. நூறா முந்நூறா என்று மதிப்பிட்டு எழுதப் பழகுங்கள். பெயர் தெரியாத பறவையைக் கால், அலகு, அளவு, செய்கை என்று வருணித்து வையுங்கள். எதிர்பார்த்துச் சென்று காணாதவற்றையும் “இல்லை” என்று குறிப்பது மிகவும் இன்றியமையாதது, ஏனெனில் பருவத்தின் முடிவை அந்தக் குறிப்பே காட்டும். பிப்ரவரி நடுவில் நான்கு நாட்கள் உலகெங்கும் நடக்கும் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பில் பதினைந்து நிமிடம் எண்ணியவரும் சேரலாம். ஈபேர்ட் செயலியில் பதிந்தால் உங்கள் புளோக்கின் கீழுள்ள மைனாவும் கணக்கில் வரும்.

பங்குனி உத்திரத்துக்கு ஈசூன் புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயத்தில் காவடிகள் எடுக்கப்படும் நாட்களில் வாடை தளர்ந்திருக்கும். பிற்பகலில் இடியுடன் மழை வரத் தொடங்கும் காலம் அது. கோபுரங்களிலும் திறந்த மரப்பாலங்களிலும் நண்பகலுக்குப் பின் நிற்பதைத் தவிர்த்து, மின்னல் எச்சரிக்கையைப் பார்த்த பின்னரே புறப்படுங்கள். ஒவ்வொரு வகைப் பறவையையும் கடைசியாகக் கண்ட நாளை அடிக்கோடிட்டு வையுங்கள். ஆனால் மே, ஜூன் மாதங்களிலும் சேற்றுவெளியில் ஒன்றிரண்டு பவளக்காலிகளோ கோட்டான்களோ நிற்கக் காணலாம். இணைசேரும் வயதை எட்டாத இளம்பறவைகளில் சில வடக்கே போகாமல் இங்கேயே தங்கிவிடுகின்றன. எனவே கடைசி நாளுடன் அன்றைய எண்ணிக்கையையும் இறகின் நிறத்தையும் சேர்த்து எழுதினால்தான், புறப்பட்டவை எவை, தங்கியவை எவை என்பதை அடுத்த தைப்பூசத்தின்போது பிரித்தறிய முடியும்.